பரண்காரன் கிடைக்குப் போனான்

மார்ச் 4, புதன். திருப்புல்லாணி சாலை

ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறும்போது இருந்த திட்டமே வேறு. மண்டபத்தில் மீன் குழம்பு, தனுஷ்கோடியில் கால் நனைப்பது, நடுவில் ராமநாதபுரம் வெள்ளைக் கிடா இரண்டுக்கு விலை கேட்பது. "கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்" என்று வீட்டில் சொன்னாள். அப்படியேதான் ஆயிற்று.

ஐந்து வருடமாகப் பரண் மேல் ஆடு வளர்க்கிறேன். 46 தலைச்சேரி ஆடுகள். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் சந்து விட்ட பிளாஸ்டிக் தளம். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆட்டின் காலில் மண்ணே படாது. கோ-4 புல்லும் வேலிமசாலும் வேளை தவறாமல் தொட்டிக்கு வரும். குடற்புழு மருந்தும் ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியும் தேதி தவறாது. பார்க்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவம் படிக்கிற மகள் பொங்கலுக்கு வந்தபோது அரை மணி நேரம் பரண் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, "நோய் வராமல் இருக்க எல்லாம் செய்திருக்கிறீர்கள் அப்பா. இதுகள் சந்தோஷமாக இருக்க என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. வேட்டியில் ஒட்டிய நாயுருவி போல அந்தக் கேள்வி இரண்டு மாதமாகக் கூடவே வருகிறது.

ராமநாதபுரத்தில் மிளகாய் வியாபாரம் செய்யும் நண்பர் தன் மொபெட்டைக் கொடுத்தார். இது முண்டு மிளகாய் அறுவடைக் காலம். சாலையில் பாதியை மிளகாய்க்குக் கொடுத்துவிட்டு மீதியில்தான் வண்டிகள் போகின்றன. காற்று திரும்பினால் தும்மல். ஐந்தாறு தும்மலில் கண்ணில் நீர் வழிய, கொஞ்சம் ஓரமாக ஒதுங்கினேன். சீமைக் கருவேல முள் பின் டயரில் முழு நீளத்துக்கும் இறங்கிவிட்டது.

உச்சி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். பஞ்சர் கடைக்காரர் டியூபைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீரும் நிழலில் ஒரு நாற்காலியும் போட்டார். "முதலில் உட்காருங்கள் அண்ணே. முள் எங்கேயும் போய்விடாது." பஞ்சருக்கு 100 ரூபாய். தண்ணீரில் லேசாக உப்புக் கரித்தது. இந்த ஊரில் எல்லாத் தண்ணீரும் கரிக்கிறது. டீயில் மட்டும் தெரியவில்லை, சர்க்கரை அவ்வளவு.

கடைக்கு எதிரே ஓர் உடைமரம், குடையை விரித்து நட்டது போல. அதன் அடியில் ஒரு கருப்பு வெள்ளாடு பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டும் கிளையில். கழுத்தை நீட்டி, உதட்டை மட்டும் ஒரு விரல் போல முன்னால் அனுப்பி, இரண்டு முள்ளுக்கு நடுவில் சுருண்டு தொங்கிய நெற்றை நாக்கால் சுழற்றி இழுத்தது. வரவில்லை. தலையைச் சாய்த்து வேறு பக்கத்திலிருந்து முயன்றது. கிடைத்ததும் தரைக்கு இறங்கி, வாலை இரண்டு முறை வெட்டிவிட்டு மறுபடி ஏறியது. அதன் காலடியில் அதே நெற்று உதிர்ந்து கிடந்தது, குனிந்தால் போதும். குனியவில்லை.

மகளுக்கு போன் செய்து சொன்னேன். சும்மா கிடைக்கும் தீனி பக்கத்திலேயே இருந்தாலும், பாடுபட்டுத் தின்னும் தீனியைத் தேடிப் போகும் குணம் எலி, புறா, கோழி என்று பலவற்றில் பார்த்து எழுதியிருக்கிறார்களாம். பூனைக்கு மட்டும் அவ்வளவாகக் கிடையாதாம். எங்கள் வீட்டுப் பூனையைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

என் ஆடுகளின் தொட்டி அவற்றின் வாய் மட்டத்தில் இருக்கிறது. அளந்து வைத்தது நான்தான்.

மார்ச் 5, வியாழன். கிடை

அறுவடை முடிந்த தாளடி வயலில் செம்மறிக் கிடை போட்டிருப்பதாகச் சொல்லி நண்பர் மாலையில் அழைத்துப் போனார். மூன்று குடும்பத்து ஆடுகள், மொத்தம் முந்நூறுக்குப் பக்கம். மந்தையை நடத்திப் போகிற தலைவரான கீதாரிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். அடுத்த வாரம் தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்புகிறார்கள். ஆடு ராத்திரி படுத்துக் கிடந்தால் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு. அதற்காக வயல்காரர் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுப்பார். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது எங்கள் ஊரிலும் உள்ள பேச்சுதான். எங்கள் ஊரில் இப்போது அந்த எருவை மூட்டையில் விற்கிறோம்.

கிடா விலை கேட்டேன். "கிடா கொடுப்பதற்கு இல்லை தம்பி. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று பேச்சை முடித்துவிட்டார். பிறகு நான் என்ன வளர்க்கிறேன் என்று கேட்டார். பரணைப் பற்றி விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டவர், "அப்படியானால் அதுகள் எங்கேதான் நடக்கும்?" என்றார். மகளாவது என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இவர் கேட்டதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

மந்தை திரும்பும் நேரம். குட்டிகளைப் பகலெல்லாம் கொடாப்பில் அடைத்து வைத்திருந்தார்கள், கவிழ்த்துப்போட்ட பெரிய கூடை மாதிரி. அதைத் தூக்கியதும் குட்டிகள் தாயைத் தேடிச் சிதறின. முந்நூறு ஆடும் ஒரே நேரத்தில் கத்துகின்றன. எந்தக் குட்டி எந்த மடிக்கு என்று நான் குழம்பி முடிப்பதற்குள் எல்லாம் முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. பால் குடித்து முடித்த குட்டிகள் இருபது முப்பது ஒன்றுசேர்ந்து வரப்பு மேல் ஏறின. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டம். அங்கே போய் நின்று, ஏன் ஓடினோம் என்று தெரியாத முகத்துடன் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பி ஓட்டம். நடுவில் ஒன்று நாலு காலையும் சேர்த்து அந்தரத்தில் துள்ளியது. உடனே எல்லாம் துள்ளின. துரத்துவதற்கு எதுவும் இல்லை, பிடிப்பதற்கும் இல்லை. ஒரு கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

"வயிறு நிறைந்த குட்டிதான் ஓடும். பால் பற்றாத குட்டி தாய் பக்கத்திலேயே நிற்கும், பாருங்கள்" என்று இரண்டைக் காட்டினார் கீதாரி. அவை நின்றன. பசி, வலி, பயம் எது வந்தாலும் விலங்குகள் முதலில் விடுவது விளையாட்டைத்தான் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் அவர்கள் படிப்பில் விளையாட்டை ஓர் அடையாளமாகக் குறித்துக்கொள்கிறார்களாம். காதையும் பார்ப்பார்களாம். செம்மறி நிம்மதியாக இருக்கும்போது காது தளர்ந்து கிடக்கும், கலவரப்பட்டால் முன்னும் பின்னுமாக ஒன்றுக்கொன்று மாறி நிற்கும். கீதாரி அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் டார்ச் ஒளியை மந்தை மேல் ஓட்டும்போது அவர் பார்த்தது தலைகளைத்தான் என்பதைக் கவனித்தேன்.

முந்நூறையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்கிறார். ஆடும் அப்படித்தான் என்றேன். செம்மறிகள் ஐம்பது ஆட்டு முகங்களை இரண்டு வருடம் வரை நினைவில் வைத்திருந்ததாக 2001-இல் கேம்பிரிட்ஜ் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்டுபிடித்தார்கள் என்று மகளிடம் கேட்டதைச் சொன்னேன். "இதற்கு ஆய்வுக்கூடம் எதற்கு? வித்த ஆட்டை வேறு மந்தையில் பார்த்தால் அது நம்மிடம் ஓடி வரும் தம்பி" என்றார். அவர் மனைவி, "இவரைத்தான் எனக்கு அடையாளம் தெரியாமல் போகும். வருடத்தில் பாதி நாள் வெளியூர்" என்றார்.

இதையெல்லாம் எழுதிவிட்டு அடுத்ததை எழுதாமல் விட்டால் நான் பொய்யன். மந்தையின் ஓரத்தில் ஒரு பெட்டை முன்னங்கால் மூட்டு வீங்கிப் படுத்திருந்தது. மூட்டின் மேல் மூன்று கோடு சூடு. புதுசு, ஓரம் இன்னும் ஈரம். நான் கேட்டதும் கீதாரியின் குரல் மாறியது. "டாக்டர் இருக்கும் இடத்துக்கு இதைத் தூக்கிப் போக ஒரு ஆள், ஒரு நாள். மற்ற முந்நூறை யார் பார்ப்பது?" என்றார். அடுத்த வாரம் இந்தக் காலோடுதான் அது தஞ்சாவூர் நடக்க வேண்டும். வலிக்கு ஊசி இருக்கிறது, விலையும் பெரிதில்லை என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. என் வீட்டில் இப்படி ஒரு கால் வீங்கியிருந்தால் மறுநாளே மருந்து விழுந்திருக்கும். அதே வீட்டில் ஒரு குட்டிகூட இப்படி ஓடியதில்லை. இரண்டையும் ஒரே ராத்திரியில் நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சாப்பாடு கேழ்வரகுக் கூழ், தணலில் சுட்ட கருவாடு, பச்சை வெங்காயம். பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் என்பதால் நிலா தாமதமாகத்தான் எழுந்தது. சாக்கு மேல் படுத்திருந்தபோது தூறல் போடுவது போல் ஒரு சத்தம். எழுந்து கையை நீட்டிப் பார்த்தேன், மழை இல்லை. முந்நூறு ஆடும் படுத்து அசைபோடுகிற சத்தம்.

மார்ச் 6, வெள்ளி. கீழக்கரை

பனியில் நனைந்த சட்டையோடு, ஆட்டு வாடையோடு கீழக்கரைக்கு வந்து சேர்ந்தேன். நோன்பு மாதம். பகலில் பல உணவுக் கடைகள் பூட்டிக் கிடந்தன. தவறு என்னுடையது, நாள்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும். ஓர் இனிப்புக் கடையில் தொதல் மட்டும் கிடைத்தது. தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டியது. கால் கிலோ 90 ரூபாய். எண்ணெய் மினுங்கும் கருப்புத் துண்டு, பல்லில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. நோன்பிருக்கிறவர்கள் முன்னால் தின்னக் கூசி, கடற்கரைக்குப் போய் ஒரு படகின் மறைவில் உட்கார்ந்து தின்றேன்.

படகுக்குப் பின்னால் நாலு நாட்டுக் கோழிகள். வெயிலில் காய்ந்த மணலில் குழி பறித்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, இறக்கையால் மணலை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒரு காலை அப்படியே நீட்டிவிட்டது. பிறகு எழுந்து உடம்பை உதறியபோது ஒரு சின்னப் புழுதிப் புயல். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆள் மாதிரியே நடந்து போனது.

நாமக்கல் பக்கம் என் சித்தி மகன் முட்டைக் கோழிப் பண்ணையில் வேலை பார்த்தான். கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஏ4 தாளைவிடச் சிறிய இடம். அங்கே ஒரு முறை, கோழி ஒன்று வெறும் கம்பி மேல் படுத்து, இல்லாத மண்ணை வாரி முதுகில் போடுவதைப் பார்த்தேன். வலிப்பு என்று நினைத்துக் கூப்பிட்டேன். "அது அப்படித்தான் செய்யும்" என்றான். அதுவும் இந்தக் குளியல்தான் என்று இன்று மகள் சொல்லித்தான் தெரிகிறது. மண்ணே பார்க்காமல் வளர்ந்த கோழியும் அந்த அசைவுகளைச் செய்து பார்க்குமாம்.

மாலையில் பள்ளிவாசல் தெரு வழியாக நடந்துகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, "வெளியூரா? வாருங்கள், கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம்" என்றார். நான் நோன்பு இல்லை பாய் என்றேன். "பசி இருக்கிறதல்லவா?" பாங்கு சொல்லி முடிய, பேரீச்சம்பழம் ஒன்று, பெரிய கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி, ஒரு வடை. வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் மணந்தன. என்மேல் அடித்த ஆட்டு வாடையைப் பற்றி அந்த வரிசையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே தாங்க முடியவில்லை.

மார்ச் 7, சனி. மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் பார்க்க எழுந்து நின்றேன். காற்று என் துண்டைக் கழற்றிக் கடலுக்குக் கொடுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற மதுரைக் குடும்பம் மொத்தமும் சிரித்தது. பிறகு அந்தப் பெரியம்மா ஒரு வாழைப்பழம் கொடுத்தார், ஆறுதலுக்கு.

அதற்கு முன் மண்டபத்தில் ஒரு கடலோடி, தான் கடலில் கூண்டு போட்டுக் கடல்விரால் வளர்ப்பதைப் பற்றிச் சொன்னார். 2010-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல்விரால் குஞ்சு பொரித்தது மண்டபத்து மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில்தான். தன் படகின் என்ஜின் சத்தம் கேட்டாலே மீன் மேலே வந்துவிடும், மற்ற படகுக்கு வராது என்றார். "தீனிக்குத்தானே?" என்றேன். "தீனி போட்ட பிறகும் போகாமல் சுற்றுகிறதே, அது எதற்கு?" என்று திருப்பிக் கேட்டார். தெரியவில்லை. மீனுக்கு என்ன பிடிக்கும் என்று நான் இதுவரை யோசித்ததெல்லாம் தூண்டில் போடும்போது மட்டும்தான். மதியம் 180 ரூபாய்க்கு மீன் சாப்பாடு. நகரைக் குழம்பு பிரமாதம். அந்தக் கேள்விக்குப் பிறகும் முழுதாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பாம்பன் பக்கம் பனந்தோப்பில் இந்தப் பருவத்தின் முதல் பதநீர், பட்டையில் ஊற்றி 30 ரூபாய். குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு செவலை நாட்டுப் பசு வந்தது. நேராக ஒரே ஒரு பனையிடம் போய்க் கழுத்தைச் சாய்த்துத் தேய்க்கத் தொடங்கியது. காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், பிறகு திரும்பி நின்று வால் அடிவரை. மேல் உதடு நீண்டு துடித்தது. அது போன பிறகு அந்தப் பனையைத் தடவிப் பார்த்தேன். மற்ற பனைகளெல்லாம் சொரசொரப்பு. இதில் மட்டும் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பட்டை, கடைந்த தூண் போல வழுவழுப்பு. விரிசல்களில் செம்மயிர். "அதற்கு அந்த மரம்தான் வேண்டும். நடுவில் நாம் நின்றால் தள்ளிவிடும்" என்றார் பதநீர்க்காரர்.

கனடாவில் இதையே ஒரு கணக்காகச் செய்து பார்த்திருக்கிறார்கள். பசு ஒரு கதவை முட்டித் தள்ளினால் மறுபுறம் உடம்பு தேய்க்கும் சுழல் பிரஷ். கதவின் எடையை நாளுக்கு நாள் கூட்டினார்கள். புதுத் தீவனத்துக்கு எவ்வளவு எடையைத் தள்ளியதோ, பிரஷ்ஷுக்கும் ஏறக்குறைய அவ்வளவு தள்ளியது. 2018-இல் வந்த ஆய்வு. சோறும் சொறிதலும் பசுவுக்கு ஒரே எடை! என் பரணில் ஆடு உரசிக்கொள்ள இருப்பது இரும்புக் குழாய். அதற்கும் பெயின்ட் உரிகிறது என்று போன மாதம் முள்கம்பி சுற்றினேன்.

தனுஷ்கோடியில் வெயில் சாய்ந்த பிறகும் மணல் சுட்டது. இடிந்த தேவாலயத்தின் நிழலில் உட்கார்ந்து மகளுக்கு போன் செய்தேன். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் இது என்றேன். "எங்கள் பாடமும் 1964-இல்தான் தொடங்குகிறது" என்றாள். அந்த வருடம் இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி, கொட்டகைக்குள் அடைபட்ட பண்ணை விலங்குகளைப் பற்றி எழுதிய புத்தகம் நாட்டையே உலுக்கியது. அரசு பிராம்பெல் என்ற விலங்கியல் பேராசிரியர் தலைமையில் குழு போட்டது. ஒரு விலங்கு எழ, படுக்க, திரும்ப, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள, கால் நீட்ட இடம் வேண்டும் என்று 1965-இல் அந்தக் குழு எழுதியது. அதிலிருந்துதான் பிறகு ஐந்து சுதந்திரங்கள் என்ற பட்டியல் வந்தது. பசி தாகம் இல்லை, அசௌகரியம் இல்லை, வலியும் நோயும் இல்லை, பயமும் தவிப்பும் இல்லை, இயல்பாக நடந்துகொள்ளத் தடை இல்லை.

"உங்கள் பரணுக்கு ஐந்துக்கு நாலு மார்க் போடுவேன்" என்றாள். கீதாரிக்கு எவ்வளவு என்றேன். யோசித்தாள். "அந்தக் கால் வீங்கின ஆட்டைக் கேட்டால் ஒரு மார்க், வரப்பில் ஓடின குட்டியைக் கேட்டால் வேறு மார்க். அதனால்தான் அப்பா இப்போது 'இல்லை' என்பவற்றை மட்டும் எண்ணினால் போதாது என்கிறார்கள்." 2009-இல் இங்கிலாந்தின் பண்ணை விலங்கு நலக் குழு, விலங்கின் வாழ்வு வாழத்தக்கதாக இருக்க வேண்டும், முடிந்தால் நல்ல வாழ்வாகவே இருக்க வேண்டும் என்று எழுதியதாம். கசாப்புக்குப் போகிற ஆட்டுக்கு நல்ல வாழ்வா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அது போகிற நாளைத் தீர்மானிப்பது நான், அதுவரையிலான அறுநூறு சொச்ச நாட்களையும் நான்தான்.

திரும்பும் வழியில் மறுபடி பஞ்சர். அதே பின் டயர்.

மார்ச் 10, செவ்வாய். வீடு

கடந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பஸ் மானாமதுரையைத் தாண்டிப் பழுதாகி நாலு மணி நேரம் நின்றது. தொதல் பையில் உருகி, சட்டைகளில் கலந்தது. மனைவி சட்டைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆடா இனிப்பா என்று தீர்மானிக்க முடியாமல் தனியாக ஊறவைத்தாள்.

இன்று காலை முள்கம்பியை அவிழ்த்தேன். வேலியில் நின்ற உடைமரக் கிளை ஒன்றை வெட்டி, பரணில் ஆறடி உயரத்தில் தலைகீழாகக் கட்டினேன். முதலில் 46-ம் மூலைக்கு ஒதுங்கி அதை முறைத்தன. கால் மணி கழித்து இரண்டு பருவக் குட்டிகள் வந்து ஏறிப் பார்த்து வழுக்கி விழுந்தன. பிளாஸ்டிக் தளத்தில் பின்னங்காலுக்குப் பிடிமானம் இல்லை. கீழே இரண்டு பழைய ரப்பர் பாயைப் போட்டேன். இப்போது கிளைக்குக் கீழே வரிசை நிற்கிறது, முட்டலும் மோதலுமாக.

மதியம் பரணின் சரிவுப் பலகையை இறக்கி, வேலி போட்ட தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டேன். மூத்த பெட்டை பலகையின் கடைசி வரை வந்தது. ஒரு காலை மண்ணில் வைத்தது. சட்டென்று எடுத்து, அந்தக் காலையே குனிந்து முகர்ந்து பார்த்தது. ஐந்து வயது அதற்கு. மறுபடி வைத்தது, மறுபடி எடுத்தது. பின்னால் நின்றவை முட்டித் தள்ளுகின்றன, அது நகரவில்லை. நான் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். மணி நாலரை.